தூக்கம் வரல, ஆனா கையும் காலும் கவனமும் என் பேச்சைக் கேக்கல: ஆன்சைட்டி மாத்திரை அனுபவம்

ஆன்சைட்டிக்கு மாத்திரை எழுதித் தர்றப்போ எல்லாரும் சொல்ற எச்சரிக்கை ஒண்ணுதான், "கொஞ்சம் தூக்கம் வரும், பாத்துக்கோங்க." எனக்கும் அதைத்தான் சொன்னாங்க, மாத்திரையோட வந்த சீட்டுலயும் அதேதான் இருந்துச்சு. ஆனா எனக்குப் பகல்ல தூக்கமே வரல. கண்ணு தெளிவா இருந்துச்சு, மனசு அமைதியா இருந்துச்சு, அதனால மாத்திரை நல்லா ஒத்துப்போயிடுச்சுன்னு நானும் நம்புனேன், என்னைப் பாத்தவங்களும் நம்புனாங்க. அதே சமயம் கால் படியைத் தப்பவிட்டுட்டு இருந்துச்சு, கையில பிடிச்சது நழுவிட்டு இருந்துச்சு, ஆபீஸ் ஃபைல்ல நம்பர் இடம் மாறிட்டு இருந்துச்சு. இதையெல்லாம் மாத்திரையோட சேத்துப் பாக்கணும்னு யாரும் சொல்லித் தரல. தனியா இருக்கேன், மனநல டாக்டர்கிட்ட போறதை வீட்லயும் சொல்லல, ஆபீஸ்லயும் சொல்லல, அதனால கேக்கவும் ஆள் இல்ல. கடைசில கை உடைஞ்சு உக்காந்தப்போதான் விஷயம் வெளிய வந்துச்சு. மாத்திரை வேண்டாம்னு சொல்றதுக்காக இதை எழுதல. அந்த மாத்திரை இல்லாம அந்த நாட்களை நான் தாண்டியிருப்பேனான்னே தெரியல. தூக்கம் வராமலேயே தடுமாற்றம் வரும்னு ஒருத்தராவது முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்கற ஆதங்கம்தான்.

எனக்கு வந்தது பேனிக் அட்டாக். ராத்திரி படுத்த கொஞ்ச நேரத்துல நெஞ்சு படபடன்னு அடிச்சு, மூச்சு முட்டி, விரல் நுனியெல்லாம் மரத்துப்போயி, இதோ செத்துப்போகப் போறேன்னு தோணும். முதல் தடவை ஹார்ட் அட்டாக்னே நினைச்சு எமர்ஜென்சிக்கு ஓடுனேன், ஈசிஜி நார்மல், ரத்தப் பரிசோதனை நார்மல், தைராய்டும் நார்மல், ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிட்டாங்க. அது திரும்பத் திரும்ப வந்ததும் மனநல டாக்டரைப் பாத்தேன். ரெண்டு மாத்திரை எழுதுனாங்க. காலைல எஸ்சிடலோப்ராம், அது எஸ்எஸ்ஆர்ஐ வகை, அதாவது மூளையில செரோடோனின்ங்கற கெமிக்கலைக் கூட்டற மருந்து, நல்லா வேலை செய்ய ரெண்டுல இருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் தாங்கணுமேன்னு ராத்திரிக்கு க்ளோனஸெபாம் 0.5 மி.கி. இது பென்ஸோடையஸெபைன் வகை, அதாவது மூளையை அமைதிப்படுத்தி படபடப்பைச் சீக்கிரம் அடக்கற மருந்து, அல்ப்ரஸோலாம், லோரஸெபாம், டையஸெபாம் எல்லாம் இதே குடும்பம்தான். 0.5ன்னு பாத்ததும் என்னமோ ரொம்பச் சின்ன டோஸ் மாதிரி தோணும். அப்படி இல்ல, இது வீரியம் ஜாஸ்தியான மாத்திரை, எந்த மாத்திரை எவ்ளோ போட்டா இன்னொண்ணுக்குச் சமம்னு டாக்டர்கள் பாக்குற சில மாற்று அட்டவணைகள்ல க்ளோனஸெபாம் 0.5ஐ டையஸெபாம் 10 மி.கி.க்கு சமமா வச்சிருக்காங்க. அதனால அட்டையில இருக்கற நம்பரை வச்சு மாத்திரை லேசானதா கனமானதான்னு முடிவு பண்ணாதீங்க. எவ்ளோ நாள் போடணும்னு கேட்டேன், "சரியாகற வரைக்கும் போடுங்க"ன்னு பதில் வந்துச்சு. பிரிட்டன்லயெல்லாம் இந்த வகையை ரெண்டுல இருந்து நாலு வாரத்துக்கு மேல போகாம பாத்துக்கணும்னு டாக்டர்களுக்கு அறிவுரையே இருக்கு. நீங்க முதல் நாளே எப்போ நிறுத்தப் போறோம், எப்படி நிறுத்தப் போறோம்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க, சங்கடப்படாதீங்க.

முதல் சில நாள் சொர்க்கம். ரொம்ப நாளைக்கப்புறம் படுத்ததும் தூங்குனேன், நெஞ்சு அடிக்கறதே காதுல கேக்கல, அழுதேன் உண்மையிலயே, நிம்மதில. அப்புறம் சின்னச் சின்னதா ஆரம்பிச்சுது. கதவைத் தாண்டிப் போறப்போ தோள்பட்டை நிலையில இடிக்கும். இருட்டுல இல்ல, பட்டப்பகல்ல, பழகுன வீட்ல. மாடிப்படியில கடைசிப் படி முடிஞ்சுதுன்னு கால் எடுத்து வச்சா இன்னும் ஒரு படி இருக்கும். டம்ளரை மேஜை மேல வைக்கறேன்னு நினைச்சு மேஜை ஓரத்துல வச்சிருப்பேன், கீழ விழுந்து உடையும். கையெழுத்து மாறுச்சு, எழுத்து பெருசாகி, கோடு கீழ சரிஞ்சு போகும். பேசறப்போ நாக்கு லேசா தடிச்ச மாதிரி இருக்கும், "ர" "ழ" வர்ற வார்த்தையெல்லாம் கொஞ்சம் வழுக்கும். தனித்தனியா பாத்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருந்துச்சு, டயர்டா இருக்கேன், அவசரம், செருப்பு சரியில்ல, சாப்பிடல. சேத்துப் பாத்தாத்தான் அது ஒரு விஷயம். உங்களுக்கு இந்த மாதிரி மாத்திரை ஆரம்பிச்சிருந்தா ஒரு சின்ன நோட்டுல தேதி போட்டு இதையெல்லாம் குறிச்சு வைங்க, எங்க இடிச்சேன், என்ன கீழ போட்டேன், அவ்ளோதான். ஒரு வாரத்துல பக்கம் நிறைஞ்சுதுன்னா அதை அப்படியே டாக்டர்கிட்ட காட்டுங்க, நாலு வார்த்தையில விளக்கறதைவிட அந்தப் பக்கம் நல்லா பேசும்.

இதுல என்னைக் குழப்புனது நேரக் கணக்கு. மாத்திரை போட்ட முதல் நாள் ஒண்ணும் ஆகல, ஒரு வாரம் கழிச்சுத்தான் தடுமாற்றம் ஏறுச்சு, அப்போ மாத்திரை எப்படிக் காரணமா இருக்கும்னு தோணுச்சு. விஷயம் என்னன்னா க்ளோனஸெபாம் உடம்புல பாதியா குறையவே 30ல இருந்து 40 மணி நேரம் ஆகும். தினமும் ராத்திரி ஒண்ணு போட்டா நேத்து போட்டதுல பாதிக்கும் மேல உள்ள இருக்கும்போதே இன்னிக்கு ஒண்ணு சேருது. அடியில சின்ன ஓட்டை இருக்கற தொட்டியில தினமும் ஒரு குடம் ஊத்துற மாதிரி, மட்டம் ஏறி ஏறி ஒரு வாரம் கிட்ட ஆனப்புறம்தான் ஒரு இடத்துல நிக்கும். ராத்திரி போடற மாத்திரைதானே, காலைல போயிடும்னு நினைக்கறது இந்த மருந்துக்குப் பொருந்தாது. அல்ப்ரஸோலாம், லோரஸெபாம் எல்லாம் பாதியா குறைய சராசரியா 11, 12 மணி நேரம், அது மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்துல உச்சத்துக்குப் போயி சீக்கிரம் இறங்கும். டையஸெபாம் இன்னும் நீளம், அது உடைஞ்சு உருவாகற இன்னொரு பொருளும் மருந்து மாதிரியே வேலை செய்யும், அது நாள் கணக்குல தங்கும். அதனால உங்க மாத்திரை பேரைச் சொல்லி ரெண்டு கேள்வி கேளுங்க, போட்டு எவ்ளோ நேரத்துல உச்சத்துக்குப் போகும், பாதியா குறைய எவ்ளோ நேரம் ஆகும். மெடிக்கல் ஷாப்ல இருக்கற ஃபார்மசிஸ்ட்டே சொல்லுவாங்க.

ஆபீஸ்ல நடந்ததுதான் எனக்கு ரொம்ப வலிச்சது. நான் பாக்கறது கணக்கு வேலை, தப்பு விடமாட்டேன்னு எனக்கு ஒரு பேர் இருந்துச்சு, அந்தப் பேர்தான் என் சொத்துன்னு வச்சிருந்தேன். 4,715 வர்ற இடத்துல 4,175 போட்டிருப்பேன், ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரியோட தொகையை எடுத்துப் போட்டிருப்பேன். ஒரே வேலையா கொடுத்தா ஓரளவு செஞ்சுடுவேன், போன்ல பேசிக்கிட்டே ஷீட்டைப் பாருன்னா ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா கவுந்துடும். கவனத்தைப் பிரிச்சு ரெண்டு பக்கம் வைக்கறதுதான் இந்த மருந்துல முதல்ல அடிவாங்கும்னு பின்னாடி தெரிஞ்சுகிட்டேன். இதுல இன்னொண்ணு சொல்லணும், ஆன்சைட்டி இருக்கறப்பவும் கவனம் சிதறும், எல்லாரும் "உனக்கு டென்ஷன், அதான்"னு சொல்லிடுவாங்க. ஆனா ரெண்டும் வேற வேற. டென்ஷன்ல இருந்தப்போ ஒரே மெயிலை பத்து தடவை படிச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்புவேன், அனுப்புனப்புறமும் படிப்பேன். மாத்திரையில இருந்தப்போ ஒரு தடவை கூட திரும்பப் பாக்கல, பாக்கணும்னு தோணவே இல்ல. தப்பும் நடக்குது, தப்பு நடந்திருக்குமோங்கற உறுத்தலும் இல்ல. இந்த மருந்தைப் பத்தி நான் சொல்ல நினைக்கறதோட நடுப்பகுதியே இதுதான். பயத்தை அடக்கற அதே மருந்துதான் நமக்குள்ள "ஏதோ சரியில்ல"ன்னு மணி அடிக்கறதையும் அடக்குது. நம்ம தடுமாற்றத்தை நாமே கண்டுபிடிக்க முடியாம போறது நம்ம அலட்சியம் இல்ல, அது மருந்தோட வேலையில ஒரு பகுதி.

ஞாபகமும் இதோட சேந்துச்சு. அக்காவோட போன்ல பேசிட்டு இருந்தப்போ ஒரு விஷயம் கேட்டேன், அவ ஒரு நிமிஷம் சத்தமே போடல, அப்புறம், "ஏய், நேத்து நைட்டு அரை மணி நேரம் இதைத்தானேடி பேசினோம்"னா. எனக்கு அந்தப் போன் கால் வந்ததே நினைவு இல்ல. போன்ல பாத்தா இருக்கு, மாத்திரை போட்டப்புறம் பேசியிருக்கேன். பழைய ஞாபகமெல்லாம் அப்படியே இருக்கும், மருந்து உச்சத்துல இருக்கறப்போ நடக்கறது மட்டும் பதியாம போயிடும். இதுல ஆபத்து என்னன்னா மாத்திரை போட்டதே மறந்து இன்னொண்ணு போட்டுடலாம். கிழமை பேர் போட்ட மாத்திரை டப்பா வாங்கிடுங்க, இன்னிக்குக் கட்டம் காலியா இருந்தா போட்டாச்சு, முடிஞ்சுது. மாத்திரைக்கு அப்புறம் பண விஷயம் பேசறது, எதுக்காவது சரின்னு சொல்றது, ஆன்லைன்ல எதையாவது வாங்கறது எல்லாத்தையும் காலைக்குத் தள்ளி வைங்க.

கார் பத்தி சொல்லாம இருக்க முடியாது. எனக்கு ஓட்டறப்போ ரொம்ப நல்லா ஓட்டற மாதிரித்தான் இருந்துச்சு, முன்னாடி இருந்த பதட்டம் இல்ல, ஹாரன் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடல. ஆனா பார்க்கிங்ல தூண்ல உரசிட்டேன், இடது பக்கக் கதவு முழுக்கக் கோடு. அப்புறம் ஒரு நாள் பக்கத்துல உக்காந்து வந்த ஃப்ரெண்டு சொன்னா, நீ லேன்ல நேரா போகல, மெதுவா அங்கயும் இங்கயும் அலையற, பிரேக் ரொம்ப லேட்டா பிடிக்கறன்னு. எனக்குக் கோவம் வந்துச்சு, அப்படியெல்லாம் இல்லைன்னு சத்தம் போட்டேன். அவ சொன்னது எவ்ளோ சரின்னு பின்னாடி படிச்சப்போதான் புரிஞ்சுது. நெதர்லாந்துல இதுக்குன்னே ஒரு சோதனை இருக்கு, உண்மையான நெடுஞ்சாலையில 100 கிலோமீட்டர் ஓட்ட விட்டு வண்டி லேனுக்குள்ள எவ்ளோ அலையுதுன்னு கேமரா வச்சு அளக்கறது. ஓட்டறவரு 95 கிலோமீட்டர் வேகத்துல நேரா வச்சுக்கணும், அவ்ளோதான் வேலை. டையஸெபாம் அந்த அலைச்சலைக் கூட்டுதுன்னு 1982லயே அப்படி அளந்து ஆராய்ச்சிக் கட்டுரை வந்துடுச்சு. ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கறவருக்கு அலைச்சல் சராசரியா 2.4 சென்டிமீட்டர் கூடும்னு ஒரு அளவு வச்சிருக்காங்க, மாத்திரைகளை அதோட ஒப்பிட்டுத்தான் ஓட்டலாமா கூடாதான்னு வகை பிரிக்கறாங்க, அதுல டையஸெபாம் மோசமான வகையில இருக்கு. ரெண்டு சென்டிமீட்டர்தானேன்னு தோணும், ஓட்டறவருக்குத் தெரியாது, பக்கத்துல பைக்ல வர்றவருக்குத் தெரியும். இன்னொண்ணு, இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் 2015ல இருந்து க்ளோனஸெபாம், டையஸெபாம், லோரஸெபாம் எல்லாத்துக்கும் ரத்தத்துல அளவு வச்சு சட்டம் போட்டிருக்காங்க, டாக்டர் சொன்ன மாதிரி போட்டிருந்தா அதைச் சொல்லித் தற்காத்துக்கலாம், ஆனா ஓட்டறது தடுமாறியிருந்தா அந்தச் சமாதானம் எடுபடாது. சீட்டு இருக்கு, டாக்டர் எழுதுனதுதான்னு நிம்மதியா வண்டி எடுக்காதீங்க.

கை உடைஞ்ச கதைக்கு வர்றேன். சளி, ஜுரம். கடையில சளி மாத்திரை கேட்டேன், கொடுத்தாங்க, வேற என்ன மாத்திரை போடறீங்கன்னு கேக்கல. அந்த மாதிரி சளி மாத்திரை நிறையத்துல க்ளோர்ஃபெனிரமைன்னு பழைய காலத்து அலர்ஜி மருந்து கலந்திருக்கும், அது நேரா மூளைக்குப் போயி மந்தமாக்கும். ரெண்டும் சேந்த மறுநாள் காலைல எழுந்தப்போ தலை பஞ்சு மாதிரி இருந்துச்சு, ஆனா அப்பவும் தூக்கம் வரல. ஆபீஸ் கிளம்பி மாடிப்படி இறங்கறேன், கால் எங்க வைக்கறேன்னு கண்ணுக்குத் தெரியுது, கால் அங்க போகல. விழறப்போ கையை ஊனுனேன், மணிக்கட்டு உடைஞ்சுது. கையை முன்னாடி நீட்டறதே அன்னிக்கு லேட்டாத்தான் நடந்துச்சு, அரை நொடி முன்னாடி கைப்பிடியைப் பிடிச்சிருக்கலாம், அது எனக்கு இப்பவும் தெளிவா நினைவு இருக்கு. எக்ஸ்ரே, மாவுக்கட்டு, அப்புறம் பிசியோதெரபி, வலது கைங்கறதால டைப் பண்ண முடியாம சம்பளமில்லாத லீவு, கார் கதவு செலவு, எல்லாம் கூட்டிப் பாத்தா ரெண்டு மாச சம்பளத்துக்கு மேல போச்சு. பணத்தைவிட, தலை சீவக்கூட முடியாம தனியா உக்காந்திருந்த அந்த வாரங்கள் ரொம்பக் கொடுமை. திரும்ப ஆபீஸ் போனப்போ முக்கியமான ஃபைலெல்லாம் வேற ஆள்கிட்ட போயிருந்துச்சு, யாரையும் குறை சொல்ல முடியல, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

கட்டு போட்ட எலும்பு டாக்டர்தான் முதல்முதலா கேட்டாரு, "தினமும் என்னென்ன மாத்திரை எடுக்கறீங்க?" நான் சொன்னதும் எழுதறதை நிறுத்திட்டு நிமிந்து பாத்தாரு. அவர் சொல்லித்தான் வேற ஒரு மனநல டாக்டர்கிட்ட போனேன். அந்தம்மா பேசறதுக்கு முன்னாடி எழுந்து நடக்கச் சொன்னாங்க. ஒரு பாதத்தோட குதிகாலை இன்னொரு பாதத்தோட நுனியில ஒட்டி வச்சு நேர்கோட்டுல நடக்கணும். என்னால முடியல, பக்கவாட்டுல சாயறேன், சுவரைப் பிடிச்சுட்டேன். கண்ணை மூடி விரலால மூக்கைத் தொடச் சொன்னாங்க, கன்னத்தைத் தொட்டேன். அவங்க விரலை இடமும் வலமும் நகத்தி கண்ணாலயே பின்தொடரச் சொன்னாங்க, கண்ணு ஓரத்துக்குப் போறப்போ துடிக்குதுன்னாங்க. 100ல இருந்து ஏழு ஏழா கழிச்சுட்டு வாங்கன்னாங்க, கணக்குதான் என் வேலை, 86க்கு அப்புறம் தொலைஞ்சுட்டேன். அங்கயே அழுதுட்டேன். அவங்க பொறுமையா விளக்குனாங்க. மூளையில காபான்னு ஒரு கெமிக்கல் இருக்கு, நரம்பு செல்களை அமைதிப்படுத்தறது அதோட வேலை. இந்த மாத்திரை காபா போயி ஒட்டற இடத்துக்குப் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு, அது வேலை செய்யறப்போ செல்லுக்குள்ள குளோரைடு போற வழி அடிக்கடி திறக்கற மாதிரி பண்ணும். பயத்தைக் கிளப்பற இடத்துக்கு மட்டும் போயி அடக்குனா நல்லது, ஆனா காபா மூளை முழுக்க இருக்கு. நடை, பேச்சு, கை நுணுக்கம் எல்லாத்தையும் சரிபாக்கற சிறுமூளை, கவனத்தைத் தாங்கற மேல்மூளை, ஞாபகம் பதியற இடம், எல்லாம் சேந்து அமைதியாகும். தூக்கக் கலக்கம் சில நாள்ல உடம்புக்குப் பழகிடும், ஆனா கவனமும் ஞாபகமும் அதே வேகத்துல திரும்பாது, அதனாலதான் நிறைய பேர் தூக்கம் போயிடுச்சு, இனி பிரச்சினை இல்லைன்னு நம்பிடறாங்கன்னு சொன்னாங்க. கேக்கக் கேக்க எனக்கு ஆறுதலும் கோவமும் ஒண்ணா வந்துச்சு. இதைச் சொல்ல அவங்களுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகல.

வீட்டுக்குப் போனதும் மொத்த அட்டையையும் தூக்கிப் போட்டுடணும்னுதான் எனக்கு இருந்துச்சு. அவங்க என் முகத்தைப் பாத்தே சொல்லிட்டாங்க, "கோவத்துல இன்னிக்கே நிறுத்திடாதீங்க, அது இதைவிட ஆபத்து." தினமும் சில வாரமா போட்டுட்டு திடீர்னு நிறுத்துனா பழைய பயம் ரெண்டு மடங்கா திரும்பி வரலாம், தூக்கம் மொத்தமா போகலாம், வலிப்பு கூட வரலாம். அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020ல இந்த வகை மாத்திரை எல்லாத்துலயும் இதுக்குன்னே கட்டம் போட்ட எச்சரிக்கை அச்சடிக்கச் சொன்னது. குறைக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு, அங்க 2025ல வந்த வழிகாட்டுதல் முதல்ல 5ல இருந்து 10 சதவீதம், ரெண்டுல இருந்து நாலு வாரத்துக்கு ஒரு தடவைன்னு சொல்லுது, எப்படிப் போனாலும் ரெண்டு வாரத்துல 25 சதவீதத்துக்கு மேல குறைக்க வேண்டாம்ங்குது. எனக்கு எஸ்சிடலோப்ராம் அதுக்குள்ள வேலை செய்ய ஆரம்பிச்சிருந்துச்சு, அதனால அதை அப்படியே வச்சுட்டு க்ளோனஸெபாமை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சாங்க. ஒவ்வொரு தடவை குறைச்சப்பவும் சில நாள் தூக்கம் கெடும், உள்ளங்கை வேர்க்கும், பேனிக் திரும்பிடுச்சோன்னு பயமா இருக்கும். அது திரும்பறது இல்ல, உடம்பு மாறிக்கறதுன்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்ததால தாங்க முடிஞ்சுது. அதுக்கப்புறம் அக்காகிட்டயும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். தினமும் சாயங்காலம் அவ வீடியோ கால்ல என்னை நடக்கவிட்டுப் பாப்பா, பேச்சு குழறுதான்னு கவனிப்பா. நம்மளால நம்மள அளக்க முடியாதப்போ நம்மள நல்லா தெரிஞ்ச ஒரு ஆள் வேணும். மாத்திரை ஆரம்பிக்கற அன்னிக்கே அந்த ஒரு ஆள்கிட்ட சொல்லிடுங்க, "நான் வித்தியாசமா நடந்தாலோ பேசுனாலோ சொல்லு, நான் கோவப்பட்டாலும் சொல்லு"ன்னு.

க்ளோனஸெபாம் குடும்பத்து மாத்திரையோட சேக்கக்கூடாதது பத்தி கொஞ்சம். மதுவும் இதுவும் சேரவே கூடாது, ரெண்டும் ஒரே வழியில மூளையை அமுக்குது. கோடீன் இருக்கற இருமல் சிரப், ட்ரமடால் மாதிரி வலி மாத்திரை எல்லாம் ஓபியாய்டு வகை, இதோட சேந்தா மூச்சே அடங்கிப்போற அளவுக்கு ஆபத்து. அலர்ஜி, சளி மருந்து வாங்குனா தூக்கம் வராத வகையான்னு கேட்டு, இந்த மாத்திரை போடறேன்னும் சொல்லி வாங்குங்க. அல்ப்ரஸோலாம் போடறவங்க ஃபங்கஸுக்குக் கொடுக்கற கீட்டோகோனஸோல், இட்ராகோனஸோல் சேத்துப் போடக்கூடாது, க்ளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக்கும் அதோட அளவை ரத்தத்துல ஏத்திவிடும், போடறது அதே ஒரு மாத்திரைதான், உடம்புக்கு அது கூடுதல் டோஸ் மாதிரி ஆயிடும். பல் டாக்டரா இருந்தாலும் தோல் டாக்டரா இருந்தாலும் இந்த மாத்திரை பேரைச் சொல்லிடுங்க. மனநல மாத்திரைன்னு சொல்ல எனக்கும் கூச்சமாத்தான் இருந்துச்சு, அந்தக் கூச்சத்துக்கு நான் கொடுத்த விலை அதிகம்.

ஆன்சைட்டிக்குக் கொடுக்கற எல்லா மருந்தும் இப்படி இல்லைங்கறதையும் சொல்லிடறேன், ஏன்னா இதைப் படிச்சு யாரும் டாக்டர்கிட்டயே போகாம இருந்துடக்கூடாது. எஸ்எஸ்ஆர்ஐ வகையில ஆரம்பத்துல லேசா மந்தம், குமட்டல் இருக்கலாம், ஆனா நடை தள்ளாடறது இந்த அளவுக்கு வராது. பஸ்பிரோன்னு ஒண்ணு இருக்கு, அது வேலை செய்ய சில வாரம் ஆகும், கவனத்தையும் கைகாலையும் பெருசா தொடாது. மேடைப் பயம், இன்டர்வியூ நடுக்கத்துக்கு ப்ராப்ரனலால் கொடுப்பாங்க, அது இதயத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும், ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு ஆகாது. ஹைட்ராக்ஸிஸின் பழைய அலர்ஜி மருந்து வகை, அது மந்தமாக்கும். ப்ரிகாபலின்ல தலைசுத்தலும் தள்ளாட்டமும் சகஜம். வண்டி ஓட்டறது, மெஷின்ல நிக்கறது, உயரத்துல ஏறறது, ஊசி போடறது, கணக்கு பாக்கறதுன்னு உங்க பொழப்பு எதுவோ அதை முதல் சந்திப்புலயே டாக்டர்கிட்ட சொல்லுங்க. என்கிட்ட அந்தக் கேள்வி வரல, கேட்டிருந்தா வேற மருந்தோ வேற டோஸோ யோசிச்சிருப்பாங்க. கேக்கலைன்னா நாமதான் சொல்லணும். அப்புறம் "தூக்கம் வருதா?"ன்னு கேட்டா இல்லைன்னு சொல்லி முடிச்சுடாதீங்க, "தூக்கம் இல்ல, ஆனா இடிச்சுக்கறேன், வார்த்தை குழறுது, நேத்து நடந்தது ஞாபகம் இல்ல"ன்னு சேத்துச் சொல்லுங்க.

வீட்ல வயசானவங்க யாராவது தூக்கத்துக்குன்னோ படபடப்புக்குன்னோ க்ளோனஸெபாம் குடும்பத்து மாத்திரையை வருஷக்கணக்கா போட்டுட்டு இருந்தா, தயவுசெஞ்சு அட்டையை எடுத்துப் பேரைப் பாருங்க. வயசாக ஆக உடம்புல இருந்து மருந்து வெளியேற இன்னும் நேரமாகும், அவங்களுக்கு இது விழுந்து இடுப்பெலும்பு முறியற ஆபத்தைக் கூட்டுது. வயசானவங்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துன்னு அமெரிக்க முதியோர் மருத்துவ சங்கம் வச்சிருக்கற பீர்ஸ் பட்டியல்ல இந்தக் குடும்பம் மொத்தமும் இருக்கு. மறதி அதிகமாகுது, நடை தளருதுன்னா வயசாச்சுன்னு விட்டுடறோம், ஆனா மாத்திரையால வந்த மறதின்னா டோஸ் குறைச்சா பெரும்பாலும் கொஞ்சமாவது தேறும். அதையும் நாமளா பிடுங்கி எடுக்கக்கூடாது, டாக்டரோட சேந்து மெதுவாத்தான் குறைக்கணும். அதுவரைக்கும் படுக்கையில இருந்து பாத்ரூம் வரைக்கும் ராத்திரி விளக்கு போட்டு வைங்க, வழியில கிடக்கற கால்மிதியை எடுத்துடுங்க, பாத்ரூம் சுவத்துல ஒரு கைப்பிடி அடிச்சுடுங்க.